மூன்று மாத்திரையும் செம்பூரில் ஒரு மருந்துக்கடையும்

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால் எத்தனையோ மருந்துக்கடை. நான் எழுதப்போவது அதில் ஒன்று. பெயர் போட வேண்டாம், கூட்டம் வந்தால் சமாளிக்க ஆள் இல்லை என்று கடை முதலாளி சேட் சொல்லிவிட்டார். சரி, பெயர் இல்லை. ஆனால் கடையைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும். மாசாமாசம் அங்கே நான் வாங்குகிற மூன்று மருந்துகளையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு மிக்ஸி வாங்க நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போகிறோம். ஆயுசுக்கும் விழுங்க வேண்டிய மாத்திரையைப் பற்றி, அதை விழுங்குகிறவர்கள் தமிழில் எழுதிப் பார்ப்பது அபூர்வம்.

நான் தையல்காரி. சேடா நகரில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறேன். ப்ளவுஸ்தான் முக்கால்வாசி, மீதி சுடிதாரும் ஃபால் அடிப்பதும். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். என் வயிற்றில் இப்போது வேலை செய்வது எங்க அக்கா கொடுத்த கிட்னி. கூடப் பிறந்தவள் கொடுத்தது என்றாலும் உடம்புக்கு அது அந்நியம்தான், விட்டால் தாக்கி அழித்துவிடும். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே கிட்னி மாற்று சிகிச்சையை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது ஒரே அச்சில் பிறந்த இரட்டையர்களுக்கு நடுவில். அங்கே இந்தப் பிரச்சினையே எழவில்லை. நமக்கெல்லாம் அந்த யோகம் இல்லாததால், எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்க மருந்து.

முதலில் டாக்ரோலிமஸ். மூன்றில் இதுதான் பெரிய ஆள். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. எனக்குக் காலை 8, ராத்திரி 8. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. முக்கியம், எந்த முறை என்றாலும் தினமும் அதே முறை.

இது செய்கிற வேலை இவ்வளவுதான். வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு ரகம் உண்டு. அந்நியத் திசுவைக் கண்டதும் அது இன்டர்லூக்கின்-2 என்ற பொருளைச் சுரக்கும். அதைக் கண்டு டி செல்கள் மளமளவென்று பெருகி வந்து தாக்கும். அதைச் சுரக்க வேண்டுமானால் செல்லுக்குள்ளே கால்சிநியூரின் என்ற நொதி இயங்க வேண்டும். டாக்ரோலிமஸ் உள்ளே போய் வேறொரு புரதத்தோடு கைகோத்துக்கொண்டு அந்த நொதியை மடக்கிப் போடுகிறது. இன்டர்லூக்கின் வராது, பெருக்கமும் நடக்காது.

எங்கிருந்து வந்த மருந்து என்று கடையில் நிற்கிற தம்பியிடம் கேட்டேன். தாராவியில் வளர்ந்த பையன், டி.ஃபார்ம் முடித்தவன். "மண்ணுலேர்ந்து அக்கா" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். நிஜம்தான். ஜப்பானில் ட்சுகுபா மலையடிவார மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து 1984இல் எடுத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் வந்த சைக்ளோஸ்போரினும் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து வந்தது. சிரோலிமஸ் என்று இன்னொன்று, ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து. யாரோ எங்கேயோ ஒரு பிடி மண்ணை அள்ளி டப்பியில் போட்டு ஆராய்ந்ததில் நான் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊக்கு என்றதும் ஞாபகம், இதன் பெரிய குறை கை நடுக்கம். டாக்டர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆபீஸில் இருப்பவருக்குக் கையெழுத்து கொஞ்சம் கோணும், அவ்வளவுதான். ஊசியில் நூல் கோக்கிற எனக்கு அது பிழைப்பு. மாத்திரை போட்டு ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும், நடுக்கமும் அப்போதுதான் அதிகம். அதனால் காலையில் வெட்டுகிற வேலையும் வைப்பதில்லை, கை வேலையும் வைப்பதில்லை. மெஷினில் நேர்த்தையல் மட்டும். துணியை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்திருப்பதால் நடுக்கம் தெரியாது. ஊக்கு, கண்ணி, ஹெம்மிங் எல்லாம் மதியம் இரண்டுக்கு மேல். ஆரம்பத்தில் டோஸ் கூடுதலாக இருந்தபோது கண்ணி போடுவதை வெளியே கொடுத்தேன். டோஸ் குறையக் குறைய நடுக்கமும் குறைந்தது. ஒரு நாளைக்கு ஒரே வேளை போடுகிற, மெல்லக் கரையும் ரகமும் இருக்கிறது. சிலருக்கு அதில் நடுக்கம் கம்மி என்கிறார்கள். நான் மாறவில்லை, பழகியதே போதும்.

மற்ற குறைகளும் சின்னதில்லை. சுகர் இல்லாதவர்களுக்குச் சுகர் வரலாம். பிபி ஏறலாம். பொட்டாசியம் கூடும், மெக்னீசியம் குறையும், முடி கொட்டும். இதில் கொடுமை, அளவு மிஞ்சினால் எந்தக் கிட்னியைக் காப்பாற்றச் சாப்பிடுகிறோமோ அதையே கெடுக்கும். அளவு குறைந்தால் உடம்பு கிட்னியை நிராகரிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். அதற்குத்தான் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிற லெவல் டெஸ்ட்.

லெவல் டெஸ்ட்டுக்குக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும், ஊதா மூடி போட்ட குழாயில். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் உச்ச அளவைக் காட்டி டாக்டரையே குழப்பிவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற ஒரு லேபின் ஆள் ஒருமுறை, "காலை மாத்திரை எல்லாம் போட்டுட்டீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், பிபி மாத்திரைக்குச் சொல்லிப் பழகிய வாய். இன்னொரு முறை பத்து மணி வரை வரவேயில்லை. பிறகு லேபை மாற்றிக்கொண்டேன். இப்போது நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு, அங்கே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலோடு மாத்திரையைப் போட்டுவிட்டு வருகிறேன்.

சாப்பாட்டில் பம்பளிமாஸ் கூடாது, மேல்நாட்டு கிரேப்ஃப்ரூட்டும் கூடாது. குடலிலும் ஈரலிலும் இந்த மருந்தை உடைக்கிற நொதியை அந்தப் பழங்கள் தடுத்துவிடும், ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும் என்றுதான் யாரும் நினைப்போம். டாக்ரோலிமஸில் பெரும்பாலும் நேர்மாறு, லெவல் ஏறும். பேதி என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் போன் போட வேண்டியது இதனால்தான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு மதிப்பெண் என்னவென்று கேட்டால், ஐந்துக்கு நாலரை. வேலூர் சி.எம்.சியில் 1971இல் உயிரோடிருப்பவரிடமிருந்து கிட்னி எடுத்து வெற்றிகரமாகப் பொருத்தினார்கள், நம் நாட்டில் அதுதான் முதல். அந்தக் காலத்தில் அசதயோபிரினும் ஸ்டீராய்டும்தான் கையில் இருந்த மருந்து. அதை வைத்துக்கொண்டு ஓட்டியவர்களை நினைத்தால் என் கை நடுக்கத்தைப் பற்றிப் புலம்பக் கூச்சமாக இருக்கிறது. புலம்பாமலும் இல்லை.

அடுத்தது மைக்கோஃபெனோலேட். டி செல்லோ பி செல்லோ பெருக வேண்டுமானால் டி.என்.ஏ.வைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்குக் குவானின் என்ற சரக்கு வேண்டும். மற்ற செல்கள் பழையதைப் பொறுக்கியும் ஒப்பேற்றிக்கொள்ளும். இந்த வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் புதிதாகத் தயாரித்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தயாரிப்பை இந்த மருந்து நிறுத்திவிடுகிறது. மோட்டார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாபினில் நூல் தீர்ந்துவிட்டால் தையல் விழாது அல்லவா, அந்த மாதிரி.

மாத்திரை பெரிசு. தொண்டையில் நிற்கும். உடைத்துப் போடக் கூடாது என்பதால் வேறு வழியும் இல்லை. வயிறு இதற்கு ஒத்துப்போக எனக்கு ரொம்ப நாளாயிற்று. கலக்கம், வாயு, மெஷினை விட்டு எழுந்து ஓடுகிற அவசரம். பிறகு டாக்டர் சோடியம் ரகத்துக்கு மாற்றினார். குடலில் போய்க் கரையும்படி மேலே பூச்சு பூசியது. எல்லாருக்கும் கேட்குமா என்று சொல்ல முடியாது, எனக்குக் கேட்டது. இரண்டு ரகத்துக்கும் மில்லிகிராம் கணக்கு வேறு, 500க்குப் பதில் 360. எண் குறைகிறதே என்று பயப்படவும் வேண்டாம், நாமே கூட்டிப் போடவும் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துகள் இதோடு சேர்ந்தால் இது உடம்பில் சரியாகச் சேராது. வெள்ளை அணு குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை ஒழுங்காகப் போக வேண்டும்.

பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ஓபிடியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய், கிட்னி மாற்று இல்லை, ஆனால் இதே மாத்திரை. கல்யாணமான புதுசு. கருத்தரித்தால் சிசுவுக்கு ஊனம் வரக்கூடிய மருந்து இது, கரு கலையவும் வாய்ப்பு அதிகம். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறி, குறைந்தது ஆறு வாரம் போக வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்ததால் அவள் டாக்டரிடம் கேட்கத் தயங்கினாள். தயங்குகிற விஷயம் இல்லை இது. மதிப்பெண் மூன்றரை, அதுவும் புது ரகத்துக்கு.

கடைசியில் பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு. மற்ற இரண்டும் ஆள் பார்த்து அடக்கும் என்றால் இது அழற்சியைக் கிளப்புகிற பல மரபணுக்களை ஒரே வீச்சில் அணைக்கும். மலிவோ மலிவு. காலையில் சாப்பிட்டதும் போட வேண்டும், ராத்திரி போட்டால் தூக்கம் போச்சு. காலை 8க்கு வெறும் வயிற்றில் டாக்ரோலிமஸ், 9 மணிக்கு இட்லிக்குப் பிறகு இது என்று என் கணக்கு.

இது உடம்பை மாற்றுகிற விதத்தை ஒரு தையல்காரி பார்ப்பது மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆரம்ப மாதங்களில் என் அளவு ப்ளவுஸ் எனக்கே ஏறவில்லை. குண்டாவது என்றால் எல்லாப் பக்கமும் சேர்ந்து பிரிய வேண்டும். இதில் அப்படி இல்லை. இடுப்புச் சுற்று ஏறியது, கைச் சுற்று இறங்கியது. தோள் அப்படியே இருந்தது. பின்கழுத்துக்குக் கீழே ஒரு மேடு வந்து, பின் கழுத்து வெட்டு தூக்கிக்கொண்டு நின்றது. முகம் வட்டமாகி, ஊரில் இருந்து வந்த சித்தி "நல்லா பூசினாப்ல இருக்க" என்று சந்தோஷப்பட்டாள். அதற்கப்புறம் என்னிடம் தைக்க வருகிற சிலருடைய அளவு இந்த மாதிரி மாறினால் உடனே தெரிந்துவிடுகிறது. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஓடுகிறது என்று. கேட்க மாட்டேன், அக்குளில் தையலுக்கு உள்ளே துணி கொஞ்சம் கூட விட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவேன்.

டோஸைக் குறைத்துக் கொண்டே வந்ததில் மேடு வடிந்துவிட்டது. எலும்பு தேய்வது, கண்புரை, சுகர், இதெல்லாம் நாள்பட வரக்கூடியவை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது, இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுக்குப் பழகி நம் அட்ரினல் சுரப்பி சும்மா இருந்துவிடும், சட்டென்று நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும். மலிவு, உயிர் காக்கும், ஆளையும் உருமாற்றும். மதிப்பெண் போட மனசு வரவில்லை.

மூன்றுக்கும் பொதுவான குறை, நோய் தொற்றுவது. மும்பையில் இருந்துகொண்டு டி.பி.யை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஹார்பர் லைன் ரயிலில் இன்றைக்கும் மாஸ்க்தான். மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் கால் வைப்பதில்லை, எலி சிறுநீர் கலந்து லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும். பானி பூரித் தண்ணீர், கரும்புச் சாற்றில் போடுகிற ஐஸ் எல்லாம் போச்சு. செம்பூர் கேம்ப் பக்கம் போனால் சூடாகப் பொரித்ததை மட்டும் வாங்குவேன். ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒன்று உண்டு, உயிருள்ள கிருமியை வைத்துச் செய்கிற தடுப்பூசிகள் கூடாது. எதிர்ப்பு அடங்கியிருப்பதால் தோல் புற்றுநோய் மாதிரி சிலவற்றுக்கும் வாய்ப்பு கூடும், வெயிலில் நீளக் கை ப்ளவுஸ்தான். கொரோனா சமயத்தில் தெருவெல்லாம் எதிர்ப்புச் சக்தி கூட்டும் கஷாயம் விற்றார்கள். பக்கத்து பில்டிங் மாமி சீந்தில் கஷாயம் சுடச்சுடக் கொண்டுவந்து நின்றார். "மாமி, அதைக் குறைக்கத்தான் நான் பல ஆயிரம் செலவு பண்றேன்" என்றேன். அவருக்குப் புரியவைக்க ஒரு காபி நேரம் ஆயிற்று.

இப்போது கடைக்கு வருகிறேன்.

நடுவில் ஒரு மொபைல் ஆப்பில் ஆர்டர் செய்து பார்த்தேன். இருபது சதவீதம் தள்ளுபடி, வீட்டு வாசலில் டெலிவரி. இரண்டு மாசம் சரியாக வந்தது. அடுத்தது வேறு கம்பெனி டாக்ரோலிமஸ், அதுவும் ஒரு வேளை ரகம். சீட்டில் இரண்டு வேளை ரகம் தெளிவாக எழுதியிருந்தது. போன் போட்டால், "சேம் சால்ட்தான் மேடம், தைரியமா எடுத்துக்கலாம்" என்று அந்தப் பெண் சொன்னாள். உள்ளே மருந்து அதேதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரைகிற விதம் வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது. கம்பெனி மாறினால்கூட லெவல் பார்த்துத்தான் தொடர வேண்டும், அந்தக் குறுகலான இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பி வந்தது. மாத்திரை இல்லாமல் போகாததற்குக் காரணம் வீட்டில் எப்போதும் நான் வைத்திருக்கிற கூடுதல் அட்டை. மழையில் ரயில் நிற்கிற ஊரில் இரண்டு வாரச் சரக்கு கையில் இல்லாமல் இருக்கவே கூடாது.

சேட்டின் கடையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கிட்னி, ஈரல் மாற்று செய்துகொண்ட வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். என் பக்கத்தில் மருந்தின் கம்பெனி, மில்லிகிராம், எந்தத் தேதி வாங்கினேன், எல்லாம் தம்பியின் கையெழுத்தில். அந்தக் கம்பெனி சரக்கு குறையும்போதே எனக்குப் போன் வரும். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு என் பெயர் எழுதி ஒதுக்கி வைத்திருப்பான். வேறு கம்பெனிதான் இருக்கிறது என்றால் கொடுக்கவே மாட்டான், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க அக்கா" என்பான்.

போன குளிரில் இருமல் விடவில்லை. தெருமுனை கிளினிக்கில் காட்டினேன், கிட்னி விஷயத்தைச் சொல்லியும் அவர் வேகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். தம்பி சீட்டைப் பார்த்தான். கிளாரித்ரோமைசின். சீட்டைக் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டான்.

"அக்கா, இது நீங்க போடற டாக்ரோலிமஸை ஏத்தி விட்டுடும். உங்க கிட்னி டாக்டரைக் கேளுங்க."

"இருமல் மாத்திரைதானே தம்பி?"

"அதான் பிரச்சினையே. கேட்டுட்டு வாங்க, நான் தர மாட்டேன்."

நெஃப்ரோ டாக்டருக்கு அங்கிருந்தே மெசேஜ் போட்டேன். வேறு ஆன்டிபயாடிக் எழுதி, ஒரு லெவலும் பார்க்கச் சொன்னார். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோலும் இப்படித்தான் ஏற்றும், டி.பி. மருந்து ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும் என்று அன்றைக்குத் தம்பி சொன்னான். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டாலும் எனக்குக் கிடையாது, கிட்னிக்கு ஆகாது. பாராசிட்டமால் அட்டையை எடுத்து வைப்பான். எங்கள் பில்டிங் ராஜி அக்காவுக்கு முடக்குவாதம், மெத்தோட்ரெக்சேட் போடுகிறார். அது வாரத்துக்கு ஒரே நாள் போடுகிற மாத்திரை, தினமும் போட்டால் ஆபத்து. அவருடைய அட்டை மேலே கொட்டை எழுத்தில் "திங்கட்கிழமை மட்டும்" என்று மார்க்கரில் எழுதித்தான் கொடுக்கிறான்.

கடையின் குறைகள்: தள்ளுபடி பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு பைசா பேராது. உட்கார நாற்காலி கிடையாது. மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே ஆள் இருந்தாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தம்பி லீவு எடுக்கிற நாளில் நோட்டு எங்கே இருக்கிறது என்பதே சேட்டுக்குத் தெரியாது, அன்றைக்குப் போவது வீண். அதனால் போன் செய்து தம்பி இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. புது வாடிக்கையாளர் என்றால் டாக்டர் சீட்டின் ஒரிஜினலைக் கொண்டுபோக வேண்டும். செல்போனில் போட்டோவைக் காட்டினால் சேட் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.